வண்டிச் சீட்டு

மார்ச் 4

குடியிருப்புக் குழுத் தலைவி மேடத்துக்கு,

வணக்கம். நலமாகத்தான் இருப்பீர்கள். உங்களுக்கு ஒரு குறையும் வராமல் பார்த்துக்கொள்ள எப்போதும் நாலு பேர் இருந்தார்கள், அதில் ஒருவர் என் வீட்டுக்காரர்.

ஓய்வுபெற்ற ராணுவத்தார் குடியிருப்பில் இடம் கேட்டு என் மகள் போட்ட விண்ணப்பத்துக்குப் பதில் வந்தது. அச்சடித்த பெயரை நான் கவனிக்கவில்லை. கையெழுத்தைத்தான் பார்த்தேன். கடைசி எழுத்திலிருந்து ஒரு வால் கிளம்பி அடுத்த வரிவரைக்கும் இழுத்துக்கொண்டு போகிறதே, அது. நாற்பத்தோரு வருஷத்துக்கு முன்னால் இவர் சட்டைப்பையில் இருந்த வண்டிச் சீட்டுகளிலெல்லாம் அதே வால்தான். சீட்டில் அது விழாமல் கர்னல் வீட்டு ஜீப் ஷெட்டை விட்டு ஒரு அடி நகராது. இப்போது இவருக்குப் படுக்க ஓர் இடம் கிடைக்கவும் அது விழ வேண்டுமாம்.

வேறு இடம் பார்க்காமல் உங்களிடம் வரவில்லை. மூன்று இடம் பார்த்தோம். ஒன்றில் ஏரி இருக்கிறது, ஆனால் குளியலறைக்கு மூன்று படி ஏற வேண்டும். இன்னொன்றில் நோய் முற்றினால் ஆளை வேறு ஊருக்கு அனுப்பிவிடுவார்களாம். உங்கள் இடத்தில்தான் தனி வீடு, உதவியாள் துணையோடு இருக்கும் அறை, மறதிக்காரர் பிரிவு, படுக்கைப் பிரிவு எல்லாம் ஒரே மதில் சுவருக்குள் இருக்கிறது. இங்கிலீஷில் இருந்த விவரத்தைப் பேத்தியை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன்.

இவருக்கு நினைவு போய்க்கொண்டிருக்கிறது. விடிந்ததும் தெருவில் நிற்கிற கார்களையெல்லாம் துடைக்கிறார். பின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு யாரோ ஏறுவதற்காக நிற்கிறார். யாருக்காக என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பாதுகாவலர் என்ற இடத்தில் மகளின் பெயர் இருக்கும். அவள் நேரில் வந்தால் இடது பக்கம் நின்று பேசுங்கள். வலது காது கேட்காது. அது ஏன் என்று உங்களுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
உங்கள் பழைய டிரைவரின் மனைவி

மார்ச் 11

மதிப்பிற்குரிய அம்மையாருக்கு,

உங்கள் ஊகம் சரி. நானேதான். கர்னல் காலமாகி ஆறு வருடங்கள் ஆகின்றன. நான் பதின்மூன்றாம் எண் வீட்டில் தனியாக இருக்கிறேன். நாலு பேர் இல்லை.

இங்கே விதி எல்லோருக்கும் ஒன்றுதான். முதலில் ஒரு மாதம் சோதனைக் காலம். அவர் மறதிக்காரர் பிரிவில் இருப்பார். ஒத்துப்போனால் கையெழுத்திடுவேன். தோட்டத்தைத் தாண்டிப் பதினான்காம் எண் வீடு காலியாக இருக்கிறது, மனைவி அதில் தங்கலாம். அது என் வீட்டுக்கு நேர் எதிரே இருப்பதையும் சொல்லிவிடுவது நியாயம். தள்ளி இருக்க விரும்பினால் இருபத்திரண்டும் காலி.

பழைய விஷயத்தைக் கிளப்பியிருக்கிறீர்கள். அன்று நாயை வைத்தியரிடம் கொண்டுபோக வண்டி எடுத்தேன், உண்மை. உங்கள் குழந்தைக்குக் காய்ச்சல் என்று உங்கள் கணவர் என்னிடம் வண்டி கேட்கவே இல்லை. இதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
குழுத் தலைவி

மார்ச் 17

மேடத்துக்கு,

கேட்கவே இல்லையா?

அன்று சாயங்காலம் நாலு மணி. பிள்ளை காதைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தது. உடம்பு அனலாகக் கொதித்தது. இவர் ஒரு வாய் தண்ணீர் குடிக்க வீட்டுக்கு வந்தவர், பார்த்துவிட்டு ஓடினார். 'மேடத்துக்கிட்ட சொல்லி வண்டியோட வரேன், நீ பிள்ளையைத் தூக்கி வெச்சிக்க' என்றார். நான் பிள்ளையைப் போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன். எட்டரைக்கு வந்தார். 'கேட்டேன், நாயைக் காட்டிட்டு வரலாம்னு சொல்லிட்டாங்க' என்று என்னிடம் சொன்னார். அந்த வார்த்தையை நான் மறந்துவிட்டேன் என்று நினைத்தீர்களா? நாலு மணி நேரம் முன்னால் வந்திருந்தால் காது தப்பியிருக்கும் என்று டாக்டர் சொன்னதையும்தான் மறக்கவில்லை.

அடுத்த வாரமே மனைவிமார் கூட்டத்தில், ஜவான் வீட்டுப் பெண்களுக்கு அடக்கம் போதாது என்று பேசினீர்கள். நான் நாற்காலியைத் திருப்பிப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். அதற்காக இவரை மூன்று மாதம் லாரி கழுவ விட்டார்கள்.

நேற்று இவர் பெரிய ரோட்டில் நடுவே நின்று வண்டிகளை நிறுத்தியிருக்கிறார். போலீஸ்காரர் கொண்டுவந்து விட்டார். என் கைக்கு அவர் அடங்கவில்லை. அதனால் அனுப்புகிறேன், இல்லாவிட்டால் உங்கள் மதில் பக்கம் நிழல்கூட விழ விடமாட்டேன். நான் மகள் வீட்டில் இருந்துகொள்கிறேன். பதினான்கும் வேண்டாம், இருபத்திரண்டும் வேண்டாம்.

சட்டையில் பை இல்லாவிட்டால் போட்டுக்கொள்ள மாட்டார். பை வைத்த சட்டையாக ஆறு அனுப்பியிருக்கிறேன்.

டிரைவரின் மனைவி

ஏப்ரல் 20

அம்மையாருக்கு,

சோதனைக் காலம் முடிந்தது. கையெழுத்திட்ட படிவத்தை இணைத்திருக்கிறேன். அதோடு இந்தக் கடிதம் முடிந்திருக்கலாம். முடிக்க முடியவில்லை.

வந்த மறுநாள் காலை அவர் என் வாசலில் வந்து நின்றார். பின்னால் நர்ஸ் ஓடிவந்தாள். என்னை எப்படி அடையாளம் கண்டாரோ தெரியாது, எனக்கே கண்ணாடியில் என்னைத் தெரிவதில்லை. விறைப்பாக நின்று சொன்னார்: 'மேடம், போன தடவை கேக்காம விட்டுட்டேன். பயந்துட்டேன். பிள்ளைக்கு ஜுரம். வண்டி வேணும்.'

நான் சொன்னது சரியாகப் போயிற்று என்று உங்களுக்கு எழுதப் பேனாவை எடுத்தேன். கீழே வைத்துவிட்டேன். நாற்பத்தோரு வருடங்களுக்கு முன் அன்று வைத்தியரிடம் போகும் வழியில் அவர் இரண்டு முறை என் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார். நாய் என் மடியில் கிடந்து மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. 'ரோட்டைப் பாருங்க' என்றேன். இரண்டு முறையும் அதையேதான் சொன்னேன். என்ன விஷயம் என்று நான் கேட்கவில்லை.

வாசலில் நின்றவரிடம் 'போங்க, உடனே போங்க' என்றேன். நகரவில்லை. சீட்டு வேண்டுமாம். ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். அன்று முழுக்க ஒருவரையும் தொந்தரவு செய்யவில்லை, சாப்பிட்டார், தூங்கினார். மறுநாள் காலை மறுபடியும் வந்தார். தினமும் வருகிறார். தினமும் எழுதிக் கொடுக்கிறேன்.

நீங்கள் நாற்காலியைத் திருப்பிப் போட்டது இன்றும் எனக்கு அவமானம்தான். அதை நான் மன்னித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம்.

பதின்மூன்றாம் எண் வீடு

மே 2

எதிர் வீட்டுக்காரிக்கு,

ஞாயிற்றுக்கிழமை வந்து இவரைப் பார்த்தேன். உங்களைப் பார்க்க வரவில்லை, நீங்கள் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றதைப் பார்த்தேன். இவருக்கு என்னைத் தெரியவில்லை. 'எந்த வீட்டும்மா நீங்க' என்றார். இவரிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று மகள் வீட்டிலிருந்து வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்தேன். யாரிடம் கேட்பது? ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டிய ஆள் அங்கே இல்லை.

நர்ஸ் இவர் சட்டைப்பையிலிருந்து எடுத்து வைத்திருந்த சீட்டுகளைக் கொடுத்தாள். ஒன்றையும் தூக்கிப் போடவில்லை இவர். 'குழந்தையை மருத்துவமனைக்கு. உடனே.' கீழே வால். மகளிடம் காட்டினேன். ஜன்னல் பக்கம் திரும்பி வெளிச்சத்தில் வைத்துப் படித்தாள். ஒரு சீட்டை மட்டும் எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

நாற்பத்தோரு வருஷம் ஒரே ஒரு ஆள் மேல் கோபமாக இருந்தேன். இப்போது இரண்டு பேர். இந்த வயதில் எனக்கு வேலையை இரட்டிப்பாக்கிவிட்டீர்கள்.

பதினான்காம் எண் வீட்டையே எடுத்துக்கொள்கிறேன். தள்ளி இருக்கிற வீடு வேண்டாம், அங்கிருந்து உங்கள் வாசல் தெரியாது. பேச்சு வைத்துக்கொள்ளலாம் என்று வர வேண்டாம். சாப்பாட்டுக்கூடத்தில் என் நாற்காலி எந்தப் பக்கம் பார்த்திருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். தினமும் காலையில் ஜன்னலைத் திறந்துவைத்து நிற்பேன். இவர் கேட்பது என் காதில் விழ வேண்டும், நீங்கள் சொல்வதும் விழ வேண்டும். ஒரு நாள்கூடத் தவறக் கூடாது.

இன்னொன்று. சீட்டில் நீங்கள் நேரம் எழுதவில்லை. நேரம் இல்லாத சீட்டு செல்லாது என்று ஷெட்டில் திருப்பி அனுப்புவார்கள். நாலு மணி என்று எழுதுங்கள்.

படுக்கைப் பிரிவுக்குப் போகும் நாள் இவரைவிட உங்களுக்கு முந்தி வந்தால், சொல்லிவிட்டுப் போங்கள். மறுநாள் காலையிலிருந்து நான் எழுதிக் கொடுக்கிறேன். அந்த வாலை எனக்கும் போடத் தெரியும்.

பதினான்காம் எண் வீடு