தம்பி எதிரில் அவர் சொல்லாதது

ஐப்பசி, வியாழன் இரவு

இன்று காட்பாடியிலிருந்து என் வீட்டுக்காரருடைய தம்பி சேகர் வந்திருந்தான். இவருக்கு வந்திருப்பது லூயி பாடி மறதி நோய் என்று போன வாரம்தான் டாக்டர் சொன்னார். இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிவார்கள், ஒரு நேரம் குழம்புவார், ஒரு நேரம் தெளிவாக இருப்பார் என்றார். சேகருக்கு நம்பிக்கையில்லை.

இன்று பார்த்து இவர் அவ்வளவு தெளிவு. ஆம்பூர் ஷூ கம்பெனியில் தோல் கட்டிங் பார்த்த கதையெல்லாம் சொன்னார். பிரியாணியில் உப்பு கம்மி என்றார்.

கிளம்பும்போது சேகர் என்னை வாசலுக்குக் கூப்பிட்டான்.

"அண்ணனுக்கு இன்னா அண்ணி கொறை? நல்லாத்தானே இருக்காரு. நீங்கதான் ஜாஸ்தி பயப்படறீங்க. மாத்திரைய நிறுத்திப் பாருங்க."

நானேதான் பெரிதுபடுத்துகிறேனோ என்றுகூடத் தோன்றியது.

உள்ளே வந்தால் இவர் சோபாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சேகர் போய்ட்டானா?"

"போய்ட்டாருங்க."

"அந்த ரெண்டு பசங்களும் அவன் பக்கத்துலதான் உக்காந்திருந்துச்சுங்க. நான் பாக்காத மாதிரியே இருந்துட்டேன். சொன்னா, அவன் உன்னத்தானே கேள்வி கேப்பான்."

அவ்வளவு நேரமும், இவர் கண்ணுக்கு மட்டும் தெரிகிற அந்தப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டேதான் சிரித்துப் பேசியிருக்கிறார்.

"இப்பவும் இருக்குதுங்களா?" என்று கேட்டேன்.

"இருக்குதுங்க. ஒன்னும் பண்ணாதுங்க, நீ போய்ப் படு."

படுத்தும் தூக்கம் வரவில்லை, எழுந்து இதை எழுதுகிறேன். மாத்திரையை நிறுத்தப் போவதில்லை, அது நிச்சயம். ஆனால் சேகரிடம் இதைச் சொல்வதா? சொன்னால், எனக்காக இவர் மறைத்ததை நானே காட்டிக்கொடுத்தது போலாகும். சொல்லாவிட்டால், அவன் வரும்போதெல்லாம் இவர் இப்படியே பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.