தோண்டாத தலை

நவம்பர் 4, செவ்வாய்
காலையிலிருந்து தூறல். எதுவும் காயவில்லை, பொம்மை யூனிட்டில் பாதிப் பேர் சும்மா. கேஸ் புக் பண்ணணும், மறந்தே போகிறது.
சும்மா இருந்த நேரத்தில் களிமண்ணை எடுத்து என் வீட்டுக்காரர் தலையைச் செய்ய ஆரம்பித்தேன். மாசியில் போனவர். இருந்தவரை ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. ஊரார் வீட்டுக் கொலுவுக்கெல்லாம் முகம் எழுதுகிற கை.

நவம்பர் 9, ஞாயிறு
லீவு. இருந்தும் போனேன், தீபாவும் கூட வந்தாள். மூக்கு வந்துவிட்டது.
"காது ரொம்பப் பெரிசும்மா."
"உங்கப்பாவுக்குப் பெரிசுதான்டி."
ரெண்டு பேரும் சிரித்தோம். அப்புறம் அவள் ஒரு விரலால் அந்தக் காதைத் தொட்டுப் பார்த்தாள்.

நவம்பர் 11
சூளை பார்க்கிற கல்யாணி அக்கா அந்த மண் தலையைத் தூக்கிப் பார்த்தார். "என்னாடி இம்மாங் கனம்? உள்ள தோண்டிடு. ஈரம் நின்னா வெடிச்சிரும்."
தெரியாதா எனக்கு? அச்சுப் பொம்மை உள்ளே காலி. கையால் செய்வதைக் கம்பியால் அறுத்து, குடைந்து, திரும்ப ஒட்டணும். புதுசாக வருகிறவர்களுக்கு நான்தான் சொல்லித் தருகிறேன்.
கம்பியை எடுத்தேன். வைத்துவிட்டேன்.
அவர் பைக்கிலிருந்து விழுந்தபோது பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் அந்தத் தலையை ஒருமுறை திறந்தாயிற்று. ஆபரேஷனுக்குச் சரி என்று சொன்னது நான். வெளியே நிற்கச் சொன்னார்கள், நின்றேன். அதற்கப்புறம் அவர் கண் திறக்கவே இல்லை. வேண்டாம் என்றிருக்கலாம்.
அக்கா மறுபடி கேட்டார். "தோண்டிட்டேன்க்கா" என்று பொய் சொன்னேன்.

நவம்பர் 22, சனி
சூளையில் தலை வெடித்துவிட்டது. பக்கத்தில் அடுக்கியிருந்த அக்காவின் கார்த்திகை அகல் விளக்குகளும் சேர்ந்து.
அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "சொல்லியிருந்தா நான் தோண்டிக் குடுத்திருப்பேன்ல" என்றார், அவ்வளவுதான்.
சில்லுகளை நானே பெருக்கினேன். வீட்டில் சோறு வைக்கவில்லை. தீபா தோசை வாங்கி வந்தாள்.

நவம்பர் 29
வாரம் முழுக்க அக்காவுக்கு விளக்கு. நடுநடுவே இன்னொரு தலை, இன்று முடிந்தது. போன தடவை அளவுக்கு மூக்கு வரவில்லை.
"நான் அறுக்கட்டா?" என்றார் அக்கா.
"வேணாங்க்கா. நானே."
நெற்றிக்கு மேலே கம்பியை வைத்து இழுத்தேன். மேல்பாகம் கழன்று வந்தது. குடைய ஆரம்பித்ததும் என்னை அறியாமல் கேட்டுவிட்டேன்.
"வலிக்குதாங்க?"
அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். கேட்டுக் கேட்டுத்தான் குடைந்தேன், முடிகிற வரை.