இடது மிதிகட்டை

1938 ஜனவரி 3, திங்கள்

கடும் பனி. முன்னறையைத் திறந்து ஆர்கனுக்கு மெழுகு தேய்த்தேன். மருமகள் டெலிமா வாசலில் நின்று பார்த்தாள்.

"வருஷத்துக்கு ஒருநாள் பங்குச்சாமி கேக்குறதுக்கு இம்மாம் பெரிய பெட்டியா அத்தை? ரேடியோ வைக்க இடமே இல்ல."

மகன் ஓவிலா வழக்கம்போல் நடுவில் வந்தான். "சாமி வர்றப்ப அம்மா வாசிக்கட்டும். வாசிச்சா அது இங்கேயே இருக்கும். இல்லேன்னா கொட்டகைக்கு."

சரி என்றேன். என் இடது காலைப் பற்றி அவர்களுக்குத் தெரியாது.

ஜனவரி 5

யாரும் இல்லாதபோது உட்கார்ந்து பார்த்தேன். படியில் சரிந்ததிலிருந்து இடது பாதம் சொன்னபடி கேட்பதில்லை. வலது கால் மட்டும் மிதித்தால் ஆர்கனின் காற்றுத் துருத்தி நிறைவதில்லை. பாட்டு இளைத்து இளைத்து எழுகிறது. கன்னியர் மடத்துப் பள்ளியில் மதர் சொல்வார்: மிதிக்கும் கால் சத்தம் காதில் விழக் கூடாது. இன்று அந்தச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

கொட்டகையில் எலிகள் துருத்தித் துணியைத் தின்றுவிடும். என் கணவர் ஓனெசிமின் உடலைக் கடைசியாகக் கிடத்தியிருந்தது இந்த ஆர்கனின் பக்கத்தில்தான். விடமாட்டேன்.

ஜனவரி 8

இறைச்சி அப்பம் சுட்டாயிற்று. திங்கட்கிழமை சாமி வருகிறார். தூக்கம் இல்லை.

ஜனவரி 10

நடந்ததை எழுதிவிடுகிறேன்.

ஆசீர்வாதம் முடிந்ததும் சாமி என்னிடம், "என்ன மதாம் கூர்தோ, நம்ம பாட்டு உண்டுல்ல? போற வீட்டிலெல்லாம் ரேடியோதான் பாடுது" என்றார்.

முதல் வரியிலேயே காற்று போய்விட்டது. இரண்டாம் வரியில் வெறும் முனகல். சாமி தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓவிலா தரையைப் பார்த்தான். நிறுத்திவிடலாம் என்று கையை எடுக்கப் போனேன்.

நாற்காலி இழுபடும் சத்தம். டெலிமா என் இடப்பக்கம் உட்கார்ந்தாள். என் பாதத்தை மெல்லத் தள்ளிவிட்டுத் தன் பாதத்தை வைத்தாள்.

"நீங்க விரலைப் பாருங்க."

தையல் மெஷினை மிதிக்கிற பழக்கம் அவளுக்கு. பாட்டு ஓட்டமெடுத்தது. "மெதுவா," என்றேன் பல்லைக் கடித்து. "மெதுவாத்தான் மிதிக்கிறேன்," என்றாள்.

"இந்த வருஷம் பாட்டு கொஞ்சம் துடிப்பா இருக்கு," என்றார் சாமி.

அவர் போன பிறகு கேட்டேன்: எப்போது தெரியும்?

"உங்க இடது செருப்பு நுனி இழுத்து இழுத்துத் தேஞ்சு கிடக்கு. அக்டோபர்லயே பாத்தேன்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா ஒத்துக்குவீங்களா? ஆர்கன் போயிட்டா உங்க கால் வரலேங்கிறது யாருக்கும் தெரிய வராதுன்னு நெனச்சேன். ரேடியோவும் வேணும்தான். பொய் சொல்லல."

செருப்பைக் கழற்றி நுனியைத் தடவிப் பார்த்தேன்.

பிப்ரவரி 20

ரேடியோ வந்தது. கியூபெக் நிலையம் கரகரவென்று கேட்கிறது. அதை ஜன்னலோரம் வைக்கச் சொன்னது நான்தான். ஆர்கன் நகரவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு டெலிமா ஆர்கனுக்கு இடப்பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். பாட்டு முழுக்க அவள் கால் சத்தம் காதில் விழுந்தது. நான் திருத்தவில்லை.