ஆட்சேபணை இருப்பவர்கள்

மார்ச் 4
சீருடை சீசன். சட்டைகளுக்குக் காஜா எடுத்தே விரல் மரத்துவிட்டது. மதியம் முதலாளியிடம் கெஞ்சி பேங்குக்குப் போனேன். மானேஜரிடம் அதே பதில். “வட்டி சேந்துக்கிட்டேதான்மா இருக்கு. ஒண்ணு அவர் வரணும். இல்ல, அவர் இறந்துட்டார்னு கோர்ட் சொல்லி, வாரிசுச் சான்றிதழ் வரணும்.”

அவர் எங்கே வரப்போகிறார்? வீட்டை விட்டுப் போய் எட்டு வருடம். மில்லை மூடியபோது வந்த பணத்தையெல்லாம் தன் பேரில் டெபாசிட் போட்டுவிட்டு, நாமினி இடத்தைக் காலியாக விட்ட புண்ணியவான். ஜூனில் மகளின் நர்சிங் படிப்புக்குக் கட்ட வேண்டும். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

மார்ச் 11
வக்கீலம்மாவைப் பார்த்தேன். “ஏழு வருஷத்துக்கு மேல யாருக்கும் தகவல் இல்லைன்னா இறந்தவர்னு அறிவிக்கச் சொல்லிக் கேக்கலாம். அவர் வீட்டு ஆள் ஒருத்தர் சாட்சி சொல்லணும்.” அவருடைய அண்ணன், எங்கள் அத்தானை விட்டால் வேறு ஆள் ஏது?

மார்ச் 12
அத்தானிடம் கேட்டேன். “அதுக்கென்னம்மா, வந்துட்டாப் போச்சு” என்றார். ஊற்றிக் கொடுத்த டீயைக் குடிக்காமல் எழுந்துவிட்டார்.

ஏப்ரல் 2
பேப்பரில் விளம்பரம் வந்துவிட்டது. அவர் பெயர், மாமனார் பெயர். ‘இறந்தவராக அறிவிப்பதில் ஆட்சேபணை இருப்பவர்கள் தெரிவிக்கலாம்.’ மகள் வாசித்துவிட்டு மடித்து வைத்தாள். நான்தான் மறுபடி மறுபடி பிரித்துப் பார்த்தேன். ஏன்?

ஏப்ரல் 17
முதல் வாய்தா. அத்தான் வரவில்லை. வயிற்றுவலியாம்.

மே 6
இன்றும் வரவில்லை. பஸ் கிடைக்கவில்லையாம். ஓசி விருந்து என்றால் முதல் பந்தியில் இருப்பவருக்கு பஸ் கிடைக்கவில்லை! வக்கீலம்மா வராந்தாவில் கேட்டார்: “சத்தியம் பண்ணிச் சொல்ல அவர் ஏன் பயப்படறாரு?”

மே 7
அத்தான் கஞ்சர். முன்கோபி. ஆனால் பொய்ச் சத்தியம் மட்டும் செய்யமாட்டார். அப்படியென்றால் —

வேண்டாம். எழுத வேண்டாம்.

மே 8
எழுதிவிடுகிறேன். அவர் உயிரோடு இருக்கிறார்.

சந்தோஷம் வந்திருக்க வேண்டும் அல்லவா? எழுந்துபோய்க் கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்தேன். குடித்துவிட்டு வந்து பெல்ட்டை உருவுவார். மகளை அணைத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் நிற்பேன். அவர் போன பிறகுதான் நான் தூங்கவே ஆரம்பித்தேன். இனிமேல் முடியாது. சத்தியமா என்னால முடியாது.

மே 19
அத்தான் வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டம்மா சொன்னார்: “தெனம் கேரியர்ல சாப்பாடு எடுத்துட்டுப் போறாரே, உங்களுக்குத் தெரியாதா?”

யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

மே 22
கதவுக்கு இரண்டாவது தாழ்ப்பாள் போட்டாயிற்று. “திருடன் வந்தாலும் நம்ம வீட்டுல பரிதாபப்பட்டு ஏதாவது போட்டுட்டுத்தான் போவான்” என்று மகள் சிரிக்கிறாள்.

ஜூன் 3
அத்தான் தானாகவே கோர்ட்டுக்கு வந்தார். முகமெல்லாம் தாடி. கூண்டில் ஏறி, “என் தம்பி இறந்துட்டான்” என்றார். அடுத்த கேள்விக்கு முன்பே உடைந்து அழுதார். ஜட்ஜ், “போதும், இறங்குங்க” என்று சொல்லிவிட்டார்.

வெளியே மரத்தடிக்கு என்னைக் கூப்பிட்டார். “உயிரோட இருக்கறவன செத்துட்டான்னு எப்படிம்மா சொல்லுவேன்? ஈரல் கெட்டு ஆஸ்பத்திரியில கெடந்தான். பேப்பர்ல அவன் பேரைப் பாத்த அன்னிக்கே மாத்திரைய நிறுத்திட்டான். ‘அவகிட்ட சொல்லாதண்ணே, நான் குறுக்க நிக்கல’ன்னான். போன வாரந்தான்மா முடிஞ்சுது.”

அவர் இனி வரமாட்டார் என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. அதுதான் முதலில்! நினைத்தால் உடம்பு கூசுகிறது.

ஜூன் 24
சான்றிதழ் வந்தது. வட்டியை வாங்கி மகளுக்குக் கட்டிவிட்டேன். சாயங்காலம் அவள் கேட்டாள்: “அப்பா என்னிக்கு செத்ததா கோர்ட் போட்டிருக்கும்மா? வருஷா வருஷம் அன்னிக்காவது அவரை நெனச்சுக்கலாம்.” சான்றிதழை எடுத்துக் கொடுத்தேன். அதிலிருந்த தேதியைத் தேடி காலண்டரில் வட்டம் போட்டாள். அவர் உண்மையில் இறந்தது மே மாதக் கடைசியில் என்று சொல்லாமல், நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.