டீச்சரம்மா பேரில் வாசித்த சங்கீதம்

பிப். 18, புதன்
காலையில் பனி. ஈசிஆர் ரோட்டில் வண்டியெல்லாம் விளக்குப் போட்டுக்கொண்டு போனது. இன்று சாம்பல் புதன், ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் லெந்து விரதம் ஆரம்பம்.
விட்டவை: மீன், கறி, சீரியல். வெற்றிலை பாதி.
பைபிளில் சங்கீதம் நூற்றைம்பது; ஞாயிறு நீங்கலாகத் தினம் நாலு, சத்தமாக. அப்படி வாசித்தால் நாற்பது நாளில் புஸ்தகம் முடியும், இரண்டு நாள் மிச்சம். சங். 1–4 ஆயிற்று.
கோயிலில் ஆராதனை முடிந்து போதகர் கூப்பிட்டார். "எஸ்தரம்மா, இந்த வருஷம் வெள்ளிக்கிழமை ஜெபத்துல சங்கீதம் டெய்சி டீச்சர் படிக்கட்டுமே. புதுசா வந்துருக்காங்க" என்றார். சரி ஐயா என்றேன். வேறு என்ன சொல்வது.
பதினோரு லெந்து நான் வாசித்தேன். ஒரு வெள்ளி தப்பவில்லை. காய்ச்சலில் படுத்து எழுந்த மறுநாள்கூட வாசித்தேன்.
குழம்பில் உப்பு இரண்டு முறை போட்டுவிட்டேன்.

பிப். 19, வியாழன்
சங். 5–8. ரோட்டோரம் தர்பூசணி இறங்கிவிட்டது, உள்ளே இன்னும் வெள்ளையாக இருக்கிறது. வாங்கவில்லை.
டெய்சி டீச்சர் ஹெட்மிஸ்டிரஸாக இருந்து ரிட்டையர் ஆனவள். போன வருடம் தெருக் கோடியில் வீடு கட்டி வந்தாள். தனி ஆள். என் வயதுதான், இரண்டு குறையலாம். தண்ணீர் லாரி வந்தால்கூட வரிசையில் நில்லுங்க என்பாள், பள்ளிக்கூடம் மாதிரி.
நான் ஐந்தாவது வரை. ஆனால் என் பேத்தி ஜெனி படூரில் நர்சிங் மூன்றாம் வருடம். எல்லோரிடமும் சொல்லாதே என்கிறாள். சொல்வேன்.

பிப். 20, வெள்ளி
சங். 9–12. சாயங்கால ஜெபம். டீச்சரம்மா 143 வாசித்தாள். ரேடியோ செய்தி மாதிரி. சேலா என்று போட்டிருக்கும் இடத்தில் நிறுத்தவே இல்லை. அங்கே மூச்சு விட வேண்டும், அதற்குத்தான் அது.
வெளியே செருப்புப் போடும் இடத்தில் பின்னால் ஒருத்தி: "டீச்சர் இன்னா தெளிவா படிக்குது பாரு. இத்தினி வருஷம் நமக்கு ஒண்ணும் புரியவே இல்ல."
நான் அங்கேதான் நின்றேன். பார்த்தாளா, பார்க்கவில்லையா, தெரியாது.

பிப். 21, சனி
சங். 13–16. அதோடு 109.
வரிசைப்படி 109 வர மார்ச் ஆகிவிடும். பொறுக்கவில்லை. சபையில் பழைய ஆட்கள் செய்வது இது. விரோதியின் பேரை மனதில் வைத்து ஏழு நாள் விடியலில் 109 வாசிப்பார்கள். சாபம் உள்ள சங்கீதம். போதகர் கேட்டால் திட்டுவார். கேட்கப் போவதில்லை.
டீச்சரம்மா பேரைச் சொல்லித்தான் ஆரம்பித்தேன்.

பிப். 22, ஞாயிறு
109 மட்டும். ஞாயிறு என்றும் பார்க்கவில்லை.

பிப். 23, திங்கள்
சங். 17–20, 109. அரைத்த மாவு சரியாகப் பொங்கவில்லை.
ஜெனி பல் தேய்த்துக்கொண்டே, "ஆயா, இன்னா மூணு நாளா அதே சங்கீதத்தயே படிச்சிகினு கீற? ஆண்டவருக்கே போரடிச்சிடும்" என்றாள். போய் பஸ்ஸைப் பிடி என்றேன்.

பிப். 24, செவ்வாய்
சங். 21–24. 109. முழங்கால் வலி. தைலம் தீர்ந்துவிட்டது.

பிப். 25, புதன்
சங். 25–28. 109, ஐந்தாம் நாள்.
ஜெனி ஏழு மணிக்குக் கிளம்பினாள். ஏழே காலுக்கு அவளிடமிருந்து போன். "ஆயா, டீச்சரு வூட்ட தாண்டும்போது சத்தம் கேட்டுது, பாத்ரூம்ல வியுந்துட்டாங்க. வலது கை மணிக்கட்டு போச்சி. நான் அட்டய வெச்சி துப்பட்டாவால கட்டிட்டேன். ஆட்டோல செங்கல்பட்டு இட்டுனு போறேன். நீ அவங்க வூட்ட பூட்டு."
போய்ப் பூட்டினேன். டைல்ஸில் தண்ணீர் அப்படியே இருந்தது. துடைத்துவிட்டு வந்தேன்.
நான் உடைக்கச் சொன்னது. என் பேத்தி கட்டியிருக்கிறாள்.
மத்தியானம் மாவுக்கட்டோடு வந்து சேர்ந்தார்கள். டாக்டர் கட்டைப் பார்த்து யார் போட்டது என்று கேட்டாராம். இன்னொரு நாளாக இருந்தால் தெரு முழுக்கச் சொல்லியிருப்பேன்.
நாலு மணிக்குப் போதகர் வந்தார். வெள்ளிக்கிழமை 51 நீங்களே வாசியுங்கள் என்றார். சரி என்று உடனே சொன்னேன். சந்தோஷம்தான் முதலில் வந்தது. பயம் அப்புறம். அதை உள்ளபடி எழுதி வைக்கிறேன்.

பிப். 26, வியாழன்
சங். 29–32. கடைசியில் உள்ளது, குற்றத்தைச் சொல்லாமல் அடக்கி வைத்தவன் உடம்பெல்லாம் நொந்து போவதைப் பற்றி. வரிசையில்தான் வந்தது, நான் தேடி எடுக்கவில்லை. 109 வாசிக்கவில்லை.
கேழ்வரகுக் கூழ் காய்ச்சி எடுத்துக்கொண்டு போனேன். டீச்சரம்மா தலையை விரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இடது கையால் வார வரவில்லை. சீப்பை வாங்கினேன். நல்ல வேளை, முகம் பார்க்காமல் பேசலாம். பின்னால் நின்று, அவள் பேரில் 109 வாசித்ததைச் சொல்லிவிட்டேன்.
"எத்தினி நாளு?" என்றாள் டீச்சரம்மா.
"அஞ்சு."
"ஏழு நாளு இல்ல கணக்கு?" என்று சிரித்தாள். "எங்கம்மாவும் படிச்சாங்க, எங்கப்பா மேல. அந்தாளு எண்பது வயசு வரிக்கும் கல்லு மாதிரி இருந்தாரு."
நான் சிரிக்கவில்லை.
"நீ சொன்னியேன்னு ஆண்டவரு வந்து என்ன தள்ளி வுட்டாரா? பெரிய ஆளுதான் எஸ்தரு நீ. தண்ணி இருந்துது, வழுக்கினேன். அவ்ளோதான்."
நான் சிக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் கழித்து, சிரிக்காமல், "கை வலி போயிடும். தெனம் விடியக்காலைல எழுந்து, மொத வேலையா, என் பேர சொல்லி அத படிச்சிகிறியே. அதான் போவாது."
மன்னிச்சிடுங்க டீச்சரம்மா என்றேன். நாளைக்கு நான் வாசிக்கவில்லை, போதகரிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன்.
"சொல்லு. அவரே படிப்பாரு. எல்லாரும் தூங்கட்டும்."
பின்னி முடித்தேன். கூழை ஸ்பூனில் இடது கையாலேயே குடித்தாள். ஊட்ட விடவில்லை.

பிப். 27, வெள்ளி
சங். 33–36. வெயில் ஏறிவிட்டது. போதகரிடம் ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் பைபிளை எடுத்துக்கொண்டு போய் முன்னால் நின்றேன்.
டீச்சரம்மா மூன்றாவது பெஞ்சில். கட்டுப் போட்ட கை மடியில்.
51. மூன்று வசனம் நன்றாகப் போனது. நாலாவதில், தேவரீர் ஒருவருக்கே விரோதமாகப் பாவம் செய்தேன் என்று வரும். பதினோரு வருடம் வாசித்த வசனம், தடுமாறினதே இல்லை. இன்று எதிரே அந்தக் கை. ஒருவருக்கே என்பது வாயில் வரவில்லை, அவளுக்கும்தானே செய்தேன். ஜனம் காத்திருந்தது. ஒரு குழந்தை மட்டும் அழுதது. போதகர் நாற்காலியில் அசைந்தார்.
மூன்றாவது பெஞ்சிலிருந்து டீச்சரம்மா அந்த வசனத்தைச் சொன்னாள். புஸ்தகம் இல்லாமல், உட்கார்ந்தபடி. முழுக்கச் சொல்லி நிறுத்தினாள். ஐந்தாவதிலிருந்து கடைசிவரை நான் வாசித்தேன்.
முடிந்ததும் போதகர், "ரெண்டு பேரும் பேசி வெச்சி மாறி மாறி படிச்சீங்களா? நல்லா இருந்துது. இனிமே அப்படியே செய்யுங்க" என்றார். டீச்சரம்மா என்னைப் பார்க்காமல் தலையாட்டினாள். நானும் ஆட்டினேன்.
கேட் வரை ஒன்றாகத்தான் நடந்தோம். அங்கே நின்று தன் பின்னலைத் தொட்டுப் பார்த்தாள்.
"கோணலா போட்டுக்கீற. நாளைக்கி ஏழு மணிக்கு வா."
ஆறே முக்காலுக்கே போக வேண்டும்.