வீட்டுப் பூட்டு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் உன் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் உடம்பைக் கவனித்துக்கொள்கிறீர்கள் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்று எழுதியதற்கே நீ சிரிப்பாய். எடை அளவு ஆய்வாளராக முப்பது வருஷம் கடை கடையாக ஏறித் தராசைச் சோதித்த மனுஷன் பெற்ற பிள்ளையைக்கூட நிறுத்துப் பார்த்துத்தான் வாங்கினார் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள் நீ.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். நான் போனைக் கையில் எடுத்தால் போதும், உன் அம்மாவுக்கு அடுப்படியில் இருப்புக்கொள்வதில்லை. பக்கத்தில் வந்து நின்று எதையாவது துடைக்கிறாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைக்கிறாள். ஆகவே கடிதம். பதிலை வீட்டு விலாசத்துக்கு அனுப்பாதே. கீழ்த்தளத்தில் தையல் கடை வைத்திருக்கிறாரே, அந்த அம்மாவின் பேருக்கு அனுப்பு. அவரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும்.

விஷயம் நீ வாங்கிக் கொடுத்த மின்சார பைக்கைப் பற்றியது. பாலம் இறங்கும் இடத்தில் போக்குவரத்துப் போலீஸ் மின்சார வண்டிகளை மட்டும் ஓரங்கட்டிக்கொண்டிருந்தார்கள். மணிக்கு இருபத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் போகாத வண்டிக்குத்தான் லைசென்ஸ் வேண்டாம், நம்பர் பிளேட் வேண்டாம், அரசாங்க ஊக்கத்தொகையும் உண்டு. அதைத் தாண்டினால் மோட்டார் சைக்கிள் கணக்கு. பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்றால், மெதுவான வண்டி என்று காட்டி ஊக்கத்தொகையை வாங்கிக்கொண்டு, அப்புறம் தெரிந்த கடையில் விட்டு வேகப் பூட்டைக் கழற்றிவிடுகிறார்கள். அந்தத் தில்லுமுல்லைப் பிடிக்க உருளை வைத்த ஒரு பெட்டி வந்திருக்கிறது. பின் சக்கரத்தை அதன் மேல் ஏற்றி முடுக்கினால் உள்ளபடியான வேகம் தெரிந்துவிடும். அதைப் பார்த்ததும் எனக்குப் பழைய உத்தியோக ஆசை வந்துவிட்டது. யாரும் கூப்பிடாமலே போய் வரிசையில் நின்றேன்.

எனக்கு முன்னால் நின்ற வண்டியெல்லாம் நாற்பது, நாற்பத்தைந்து என்று காட்டி அபராதம் வாங்கிக்கொண்டு போயின. என் முறை வந்தது. அங்கே நின்ற போலீஸ்காரம்மா திரையைப் பார்த்தார், பெட்டியைத் தட்டிப் பார்த்தார், இன்னொரு தடவை முடுக்கச் சொன்னார். பதினைந்து. "என்னங்கய்யா இது, சட்டமே இருபத்தஞ்சு வரைக்கும் விடுது, நீங்க எதுக்கு பதினஞ்சுல கட்டிப் போட்டிருக்கீங்க?" என்று கேட்டார். வரிசையே சிரித்தது. வேகமாகப் போய் மாட்டியவர்கள் நடுவில் மெதுவாகப் போய் மாட்டிக்கொண்ட ஒரே ஆள் உன் அப்பாதான்.

எனக்குச் சந்தேகம் வண்டியை விற்ற அந்தக் கடைக்காரர் மேல். நான் அவருக்குத் தேன்வாய் என்று பேர் வைத்திருக்கிறேன். அவ்வளவு இனிப்பாகப் பேசுகிறவர் கையில் எடை சரியாக இருந்து நான் பார்த்ததில்லை. பெரிய மோட்டாருக்குப் பில் போட்டுவிட்டுச் சின்ன மோட்டாரை மாட்டியிருப்பார். பழைய பெட்ரோல் வண்டியை உடைக்கக் கொடுத்தால் ஊக்கத்தொகை கூடக் கிடைக்கும் என்று என் ஸ்கூட்டரை வாங்கிப் போனாரே, அதை உடைத்தாரா, பெயின்ட் அடித்து யார் தலையிலாவது கட்டினாரா, யார் கண்டது?

உன் அம்மாவிடம் சொன்னேன். "மெதுவா போனா என்ன, நீங்க வேகமா போய் எந்தக் கோட்டையைப் பிடிக்கப் போறீங்க?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவளும் முன்பு மாதிரி இல்லை. கல்யாணமான நாளிலிருந்து காய்கறிக்கும் காற்றாடிக்கும் என்னோடு சண்டை போட்டவள், இப்போது எதைச் சொன்னாலும் சரி என்கிறாள். நான் வேண்டுமென்றே கத்தரிக்காய் முற்றல் என்றேன். அதற்கும் சரி என்றாள். இதைவிடச் சந்தேகத்துக்கு இடமான காரியம் உண்டா?

பணம் கட்டியதும் கடையில் பேசியதும் நீ. என்ன மோட்டார் என்று சொன்னார்கள், எவ்வளவு வேகம் என்று சொன்னார்கள், உடனே எழுது.

அன்புடன்,
அப்பா

---

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் தையல்கார அம்மா மூலம் கைக்கு வந்தது. துணிக்குள் மடித்து வைத்துக் கொடுத்தார். பார்க்கிறவர்கள் எங்கள் இருவரையும் பற்றி என்ன நினைப்பார்களோ தெரியவில்லை.

நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். அங்கே குளிர், மாப்பிள்ளைக்குப் பல்வலி, மேல்வீட்டுக்காரர் நாய் வாங்கியது, எல்லாம் படித்தேன். மாப்பிள்ளையை வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கச் சொல். நான் கேட்ட மோட்டாருக்கு மட்டும் ஒரே வரி: மெதுவாகப் போவதும் நல்லதுதானே அப்பா. உன் அம்மா சொன்னதும் இதே பேச்சு. இரண்டு கடையில் ஒரே மாதிரி எடை குறைந்தால் இரண்டு எடைக்கல்லும் ஒரே இடத்தில் செய்தது என்று அர்த்தம். இது நான் உத்தியோகத்தில் கற்றது.

நீ மழுப்பியதும் நான் தேன்வாய்க்கே போன் போட்டேன். ஏன் வண்டி ஊர்கிறது என்று அதட்டினேன். அவர் கொஞ்ச நேரம் இழுத்தார். பிறகு, "அது ஒண்ணுமில்ல சார், வீட்டுப் பூட்டுதான் காரணம்" என்று சொல்லி, வாடிக்கையாளர் வந்துவிட்டதாக வைத்துவிட்டார். வீட்டுப் பூட்டா! யோசித்தேன். நம் வாசல் பூட்டின் சாவியும் வண்டிச் சாவியும் ஒரே வளையத்தில்தான் தொங்குகின்றன. அந்தப் பெரிய இரும்புச் சாவி பக்கத்தில் இருந்தால் மின்சாரச் சாவிக்கு ஆகாது போலிருக்கிறது என்று முடிவு செய்தேன். சிரிக்காதே. வீட்டுச் சாவியைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டுக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு கிளம்பினேன். தெருவை இரண்டு சுற்றுச் சுற்றினேன். அதே பதினைந்து. பள்ளிக்கூடப் பை சுமந்த ஒரு பெண் சைக்கிளில் என்னைத் தாண்டிப் போய்த் திரும்பிப் பார்த்தாள். திரும்பி வந்தால் வீடு பூட்டிக் கிடக்கிறது, சாவி உள்ளே, உன் அம்மா வெளியே போயிருக்கிறாள்.

தையல் கடை முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மா ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "அக்கா இப்பல்லாம் போன் பேசணும்னா இங்க வந்துதான் பேசுறாங்க. மேல சத்தம் கேக்குதாம்" என்றார். மேலே என்ன சத்தம்? மேலே இருப்பது நான் ஒருவன். யாரிடம் பேசுகிறாள் என்று கேட்டேன். உங்கள் மகளிடம்தான் என்றார்.

இன்னொன்றையும் சொல்கிறேன். நம் குளியலறைத் தாழ்ப்பாளைக் காணோம். கழன்று விழுந்துவிட்டதாம், ஆளைக் கூப்பிட வேண்டாமாம், இருக்கிறது இரண்டு பேர்தானே என்கிறாள். விழுந்த தாழ்ப்பாளின் ஆணி மரத்தைக் கிழித்திருக்க வேண்டும். மரத்தில் கீறல்கூட இல்லை. நாலு திருகாணியும் அவளுடைய பொத்தான் டப்பாவில் பத்திரமாக இருக்கின்றன. திருப்புளி வைத்து நிதானமாகக் கழற்றிய வேலை. உள்ளே போனால் வெளியே நின்று, "என்னங்க, ஆச்சா?" என்று குரல் கொடுக்கிறாள். குளிக்கும்போது பாட்டுப் பாடுங்களேன் என்கிறாள். நான் பாடினால் காதைப் பொத்திக்கொண்டவள் இவள்.

நான் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். ஒன்று, வீட்டை விற்கத் திட்டம் போடுகிறீர்கள். அல்லது அம்மாவை அங்கே அழைத்துக்கொண்டு என்னை ஏதாவது முதியோர் இல்லத்தில் தள்ளப் பார்க்கிறீர்கள். எதுவானாலும் முகத்துக்கு நேரே சொல்லுங்கள். என்னை வைத்துக்கொண்டே என் முதுகுக்குப் பின்னால் குசுகுசு என்று பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை. கோபமாகத்தான் எழுதுகிறேன்.

அப்பா

---

என் அருமை மகளுக்கு,

போன கடிதத்தில் கோபமாக எழுதிவிட்டேன். அது உன் கைக்கு வந்து சேர்வதற்குள் இதுவும் பின்னாலேயே வரும் என்று நினைக்கிறேன். இரண்டும் சேர்ந்து வந்தால் இதை முதலில் படி.

நேரிலேயே கடைக்குப் போனேன். தேன்வாய் நாற்காலி போட்டார், டீ வரவழைத்தார். டீ இருக்கட்டும், மோட்டாரைக் காட்டும் என்றேன். பாவம், அவர் வண்டியின் மூடியைக் கழற்றிக் காட்டினார். அதே மோட்டார்தான், அதே முத்திரைதான். என் ஸ்கூட்டரை நொறுக்கிய போட்டோவையும் காட்டினார். அந்த மனுஷன் மேல் தப்பில்லை. பிறகுதான் வீட்டுப் பூட்டு என்றால் என்ன என்று விளக்கினார். இந்தத் தொழிலில் இரண்டு பூட்டாம். இருபத்தைந்தோடு நிறுத்தக் கம்பெனி போடுவது சட்டப் பூட்டு. அதற்கும் கீழே நிறுத்திவைக்கக் குடும்பத்தார் கேட்டுப் போடுவது வீட்டுப் பூட்டு. புதிதாக ஓட்டப் பழகுகிறவர்களுக்குப் போடுவார்களாம். என் வண்டிக்கு அதைக் கேட்டு வாங்கியது நீ.

எனக்கு ரத்தம் கொதித்தது. வண்டி என் பேரில், இப்போதே கழற்று என்றேன். அவர் போனைக் கையில் எடுத்துவிட்டார். அதில் ஒரு தட்டுத் தட்டினால் பூட்டு கழன்றுவிடுமாம். "கழட்டிடுறேன் சார். ஆனா பாப்பா ரொம்பக் கேட்டுக்கிட்டாங்க" என்றார். அப்படி என்ன கேட்டுக்கொண்டாள் என்றேன். "'அப்பா விழும்போது வண்டி மெதுவா இருக்கணும்'னாங்க சார்."

நான் அவரைத் திருத்தினேன். விழுந்தால் என்றுதானே சொல்லியிருப்பாள், சரியாகச் சொல்லும் என்றேன். "இல்ல சார், 'விழும்போது'ன்னுதான் சொன்னாங்க. நான்கூட, 'விழுந்தால்னு சொல்லுங்கம்மா, ஏன் அப்படிச் சொல்றீங்க'ன்னேன். அதுக்கு அழுதுட்டாங்க" என்று சொன்ன பிறகுதான் அவருக்கே நாக்கைக் கடிக்கத் தோன்றியது. டீயை ஊற்றி ஊற்றி ஆற்ற ஆரம்பித்துவிட்டார்.

விழுந்தால் என்றால் விழாமலும் போகலாம். நீ சின்னப் பிள்ளையிலிருந்து வார்த்தையை அளந்து பேசுகிறவள். நான் வளர்த்த வளர்ப்பு அது. அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே எல்லாம் விளங்கியது. வங்கி வரிசையில் எனக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியாமல் போனதும், சர்க்கரை குறைந்துவிட்டது என்று நீங்கள் சொன்னதும், டாக்டர் என்னை மட்டும் எடை பார்க்க அனுப்பிவிட்டு உன்னையும் அம்மாவையும் உள்ளே நிறுத்திக்கொண்டதும், லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டாம் அப்பா, லைசென்ஸே வேண்டாத வண்டி வாங்கித் தருகிறேன் என்று நீ விமானம் ஏறும் முன் அவசரப்பட்டதும், தாழ்ப்பாளும், முற்றல் கத்தரிக்காயும். முப்பது வருஷம் ஆய்வாளராக இருந்தவனை வைத்துக்கொண்டு இரண்டு பெண்கள் இத்தனை நாள் கள்ள எடை போட்டிருக்கிறீர்கள். உன்னிடம் சொல்வதற்கென்ன, எனக்குப் பயமாக இருந்ததம்மா.

பூட்டு இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வண்டியை உருட்டிக்கொண்டே வந்தேன். அதன்பின் நான் ஓட்டவில்லை. இதில் நீ செய்தது தப்பு என்று சொல்லத்தான் வேண்டும். நான் விழுவதை யோசித்தாய், எனக்கு முன்னால் போகிற பிள்ளையை யோசிக்கவில்லை. பதினைந்தில் இடித்தாலும் இடிதான். என்னை வீட்டில் உட்கார வைக்க உனக்கு மனசு வரவில்லை என்பது எனக்குத் தெரியும். அதற்காக உன் மேல் கோபம் இல்லை.

உன் அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது என்ற தைரியத்தில்தான் அவள் நடமாடுகிறாள். அதைப் பிடுங்க எனக்கு இஷ்டமில்லை. வண்டியை எடுக்காவிட்டால் அவளுக்குச் சந்தேகம் வரும். அதனால் தினமும் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, முனை வரை உருட்டிப் போனால் இடுப்புக்கு நல்லது என்று சொல்லிக் கிளம்புகிறேன். பால்கனியில் நின்று பார்க்கிறாள். முனை திரும்பியதும் நூலகத்துக்குப் பின்னால் போய் வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, முடுக்கியை ஒரு நாடாவால் இழுத்துக் கட்டிச் சக்கரத்தைச் சும்மா சுற்றவிட்டுவிட்டு, பக்கத்துப் பெஞ்சில் பேப்பர் படிக்கிறேன். சார்ஜ் குறையாமல் திரும்பினால் அவள் கண்டுபிடித்துவிடுவாள். என்னோடு குடித்தனம் நடத்தியவள், அவளுக்கு மட்டும் கண் இல்லையா? நேற்று எவ்வளவு தூரம் போனீர்கள் என்று கேட்டாள். வாய் கூசாமல் ஒரு கணக்குச் சொன்னேன். அவள் முகத்தில் கொஞ்சம் தெளிச்சி வந்தது.

டாக்டர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் எனக்கு எழுது. ஆறுதலுக்கு என்று ஒரு குன்றிமணிகூடக் குறைக்காதே, கூட்டாதே. பழைய விலாசமே போதும், தையல்கார அம்மா கேள்வி கேட்கமாட்டார். நான் படித்துவிட்டுக் கிழித்துப் போட்டுவிடுவேன்.

லீவு கிடைப்பது கஷ்டம் என்று தெரியும். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தாய். என்ன செய்வாயோ, ஏது செய்வாயோ, நான் விழும்போது வராதே, அதற்கு முன்னால் வா. நான் நன்றாகப் பேசிக்கொண்டு, உன்னைக் கேலி செய்துகொண்டு இருக்கும்போதே வா. ஏன் திடீரென்று வந்தாய் என்று அம்மா கேட்டால், மாப்பிள்ளையோடு சண்டை என்று சொல்லிவிடு. அவள் நம்புவாள். நானும் நம்பியது போல இருந்துகொள்கிறேன்.

நீங்கள் இருவரும் நூறு வயது இருக்க வேண்டும்.

உன் அப்பா