கறுப்பு முகப்பும் வெள்ளி முகப்பும்

ஜூன் 12, வியாழன்

விடிந்ததிலிருந்து சாரல். துணி ஒன்றும் காயவில்லை. பள்ளிக்கு லீவு சொல்லியாச்சு. வீட்டுக்காரர் ஜெ. துபாயிலிருந்து வந்தாச்சு.

பெட்டியில்: பிஸ்தா, சோப்பு, தைலம். தனிப் பெட்டியில் எனக்கு ஒரு கிட்டார் ஆம்ப்ளிஃபயர்! என் பழைய ஆம்பின் அதே கம்பெனி, அதே மாடல். என்னுடையது கறுப்பு முகப்பு. இது கொஞ்சம் பிந்தி வந்த வெள்ளி முகப்பு. இரண்டும் கண்ணாடி வால்வு போட்ட அந்தக் காலத்துச் சாமான். வீடியோ காலில் என் வாசிப்பைக் கேட்டுக் கேட்டே தேடி வாங்கியிருக்கிறார் மனுஷன்.

எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுச் சித்தி: "இது என்னவாக்கும், ரேடியோவா? மிட்டாய் ஒண்ணும் இல்லியா மக்கா?"

ஜூன் 13, வெள்ளி

பள்ளி விட்டு வந்ததும் இரண்டையும் ஒப்பிட முதலில் கறுப்பு. இரண்டுமே அமெரிக்கக் கரண்டுக்குச் செய்தவை. நம் கரண்டைக் குறைத்துக் கொடுக்க இருப்பது ஒரே டிரான்ஸ்ஃபார்மர். அதனால் இன்று இது, நாளை அது. கிட்டார் ஒன்றே, வயர் ஒன்றே, திருகு எல்லாம் நடுவில். ஸ்பீக்கரும் ஒன்றே, இல்லாவிட்டால் ஒப்பிட்டு என்ன பிரயோஜனம்?

கறுப்பு: கனிவு. அழுத்தி மீட்டினால் லேசாகக் கரகரக்கும். என் செல்லம்.

ஜூன் 14, சனி

காலை. வெயில் எட்டிப் பார்த்தது. வெள்ளி: கணீர். பளிச். ஆனால் விறைப்பு.

ஜெ.: "எப்பிடிட்டி இருக்கு?"

பொய் சொல்ல எனக்கு வராது. "சத்தம் நல்ல சத்தந்தான். கறுப்புக்கு உள்ள கனிவு இதுக்கு இல்ல, கேட்டியளா."

அவர் முகம் சுண்டிப் போயிற்று. கொஞ்ச நேரம் கழித்து, குலசேகரத்தில் கிட்டார் வாசிக்கிற தன் சின்ன வயசுக் கூட்டுக்காரன் வில்சனுக்கு ஃபோன் போட்டார். "நாளைக்கு சர்ச் விட்டு வா. இங்க ஒரு ஆம்ப் இருக்கு. சும்மாதான், எடுத்துட்டுப் போ."

என் காதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மத்தியானம் மீன் குழம்பு.

அதே நாள், சாயங்காலம்

போகப்போகிறதே என்று வெள்ளியை இன்னொரு தரம் போட்டேன். குழைந்து வருகிறது! காலையில் கேட்டதா இது? தலைக்கு மேல் ஃபேன் இழுத்து இழுத்துச் சுற்றுகிறது. அப்போதுதான் உறைத்தது. விளக்கு போடுகிற நேரத்துக்கு எங்கள் தெருவில் கரண்ட் இறங்கிவிடும். கரண்ட் குறைந்தால் வால்வு ஆம்ப் குழையும். மீன் கெடாமலிருக்க ஃப்ரிட்ஜுக்கு ஸ்டெபிலைசர் வைத்த நாங்கள் ஆம்புக்கு வைக்கவில்லை. கறுப்பை நான் வாசித்ததெல்லாம் பள்ளி விட்டு வந்து, இந்த நேரத்தில். இத்தனை வருஷமாக நான் கொஞ்சியது கறுப்பை இல்லை, எங்கள் தெருக் கரண்டை!

ஜெ.யைக் கூப்பிட்டேன். நான் சுவரைப் பார்த்து வாசிக்க, அவர் எது என்று சொல்லாமல் இரண்டையும் அந்த ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் மாற்றி மாற்றிப் போட்டார். எது எது என்று ஒவ்வொரு தடவையும் சரியாகச் சொன்னேன். காது காதுதான்.

கறுப்பு: தடிக் கம்பிகள் குழம்புகின்றன.
வெள்ளி: கனிவும் உண்டு, ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் கேட்கிறது.

வெள்ளிதான். சொன்னேன்.

"எனக்காவ சொல்லுதியாட்டி?"

"உங்களுக்காவன்னா காலைலயே சொல்லியிருப்பேன்லா?"

சிரித்துவிட்டார். உடனே தலையில் கை. "வில்சன்ட்ட வாக்கு குடுத்தாச்சே! இனி இல்லன்னு எந்த மூஞ்சிய வச்சு சொல்ல?"

ஜூன் 15, ஞாயிறு

ஆராதனை முடிந்து வீட்டுக்குள் நுழையுமுன் வாசலில் வில்சனின் ஜீப். ஜெ. திருதிருவென்று விழிக்கிறார். நானே உள்ளே போய்க் கறுப்பைத் தூக்கி வந்து வைத்தேன்.

"கறுப்பா?" வில்சனுக்கு வாய் மூடவில்லை. "அக்கா, இதத்தான எல்லாரும் ஒசத்தின்னு சொல்லுவாவ! விட்டுத் தருவியளா?"

"கொண்டுட்டுப் போங்க. சாயங்காலம் வாசிங்க, காலைல போட்டா வெறச்சுக்கிடும்."

ஜெ. என்னை ஓரமாக இழுத்தார். "ஏட்டி, இது உனக்க உசிருல்லா?"

"உசிருதான். நல்லது அதுல்ல, வெள்ளியாக்கும்."

ஜீப் திரும்பியதும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதேன். எடுத்த முடிவில் மாற்றமில்லை. அழுதுகொண்டே வெள்ளியைக் கறுப்பு இருந்த மூலைக்குத் தூக்கினேன். மறுபக்கம் ஜெ. பிடித்துக்கொண்டார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.